ஆறு முப்பத்தொன்று வண்டி

"இது எத்தனாவது தடவை?"

"மூணாவதும்மா."

"நீயே சொல்லிட்ட, நல்லது. நான் சொன்னா பொல்லாதவ ஆயிடுவேன். ரயில் லேட்டுன்னா ஸ்டேஷன்ல தாமதச் சீட்டு வாங்கிட்டு வான்னு எத்தனை தரம் சொல்றது?"

"சீட்டு குடுக்க மாட்டாங்களாம்மா. அஞ்சு நிமிஷத்துக்கு மேல லேட்டானாதான் குடுப்பாங்களாம். அவங்க கணக்குல எப்பவும் ஒன்னு, ரெண்டுதான் வருது."

"கணக்குல ரெண்டுன்னா ரெண்டுதான். நான் என்ன ஸ்டேஷனுக்கு வந்து நின்னு பாத்தேனா?" மேற்பார்வைக்காரி கையிலிருந்த விரிப்பை மேஜையில் போட்டுவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். "இங்க பாரு. இன்னும் பதினேழு நாள். மூணு வருஷம் முடிஞ்சா உன் பேரு நிரந்தரப் பட்டியல்ல போயிடும். இன்னொரு லேட்டு விழுந்துச்சுன்னா மறுபடி முதல் நாள்லேருந்து எண்ணுவாங்க. என் கையில ஒன்னும் இல்ல. எனக்கு மேல ஒருத்தி உக்காந்திருக்கா. அவளுக்கு மேல அந்த மெஷின் உக்காந்திருக்கு."

மெஷின் என்று அவள் சொன்னது வாசலில் கட்டைவிரல் வைக்கும் பெட்டியை. மரியாதைக்குச் சிரித்துவைத்தாள் விரிப்பு மடிக்கிறவள்.

அந்தப் பேச்சு நடந்து நான்கு நாளாகிறது. ரயில் மேடையின் மூன்றாவது தூணில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு நாள் காலையிலும் அதை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறாள். பதினேழு இப்போது பதின்மூன்றாகியிருந்தது.

அவள் வேலை பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். கொதிக்கக் கொதிக்க இஸ்திரி ரோலரிலிருந்து வந்து விழும் விரிப்புகளை இரண்டு பேராகப் பிடித்து மடித்து அடுக்க வேண்டும். ஏழு மணிக்கு விரல் வைக்க வேண்டும். நிரந்தரமாகிவிட்டால் மகளுக்கு மூச்சு இழுக்கிறபோது வெளிவரிசையில் நான்கு மணி நேரம் நிற்காமல், அதே ஆஸ்பத்திரியில் நேரே உள்ளே கூட்டிப்போய்க் காட்டலாம். ஊழியர் குடும்பத்துக்கென்று ஆறாவது மாடியில் எட்டுக் கட்டில்கள் உண்டு. அந்த எட்டுக்கும் விரிப்பு இவள் மேஜையிலிருந்துதான் போகிறது.

அவளால் முந்தைய வண்டியைப் பிடிக்க முடியாது. கணவன் நாலரைக்கே ஆபீஸ் வேனில் கிளம்பிவிடுவான். மாடி வீட்டு நர்ஸக்கா இரவு வேலை முடிந்து ஆறே காலுக்கு வருவாள். தூங்குகிற குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, படியிறங்கி ஓடினால் ஆறு இருபத்தைந்துக்கு ஸ்டேஷன். ஆறு முப்பத்தொன்று வண்டி. பதினேழு நிமிடப் பயணம். ஆறு நிமிட நடை. வண்டி ஒழுங்காக வந்தால் ஆறு நிமிடம் மிச்சம்கூட இருக்கும்.

தலைக்கு மேல் தொங்கிய போர்டில் ஆரஞ்சு எழுத்தில் '1' என்று வந்தது. அப்போது கடிகாரத்தில் ஆறு முப்பத்தொன்று.

"வந்துட்டாரு துரை," என்றார் லிஃப்ட்காரர். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவர். பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு தினமும் அதே இடத்தில் நிற்பார்.

"எங்க வந்தாரு? ஒரு நிமிஷத்துல வராராம்," என்றாள் தையல்கார அக்கா.

"எங்க வீட்டுக்காரி புடவை மாத்தறப்போ சொல்ற ஒரு நிமிஷம் தேவலாம். அதுக்காச்சும் ஒரு முடிவு இருக்கு."

"வெளியில சொல்றீங்க. அங்க போய் வாயத் திறப்பீங்களா?"

"இந்த நம்பர் போடறவன் மட்டும் ஒரு நாள் கையில கிடைக்கட்டும். லிஃப்டுல ஏத்தி ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல நிறுத்திட்டு, 'ஒரு நிமிஷம் சார்'னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவேன்."

தையல்கார அக்கா சிரித்தாள். விரிப்பு மடிக்கிறவள் தன் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். "பாவம், அவரு என்ன பண்ணுவாரு, யாரு சொல்லி போடறாரோ," என்றாள்.

"அதுக்குன்னு நீ ஒருத்தி வக்காலத்துக்கு வந்துடு."

அந்த நம்பர் போடுகிறவன் அவளுடைய கணவன்தான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

ஆறு முப்பத்து மூன்று. ஒன்று. ஆறு முப்பத்தைந்து. ஒன்று. தண்டவாளம் அந்த இடத்தில் வளைந்து ஒரு சுவருக்குப் பின்னால் போய்விடுவதால் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடம் என்று போட்டிருக்கும்போது யார் மேடையை விட்டுப் போவார்கள்? படியேறி ரோட்டுக்குப் போவதற்குள் வண்டி வந்து போய்விட்டால்? அப்படி நின்று நின்றுதான் மூன்று தடவை லேட்டாகியிருந்தாள். வெளியே மெயின் ரோட்டில் ஆறு நாற்பதுக்கு ஒரு பஸ் உண்டு. அது ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கும். ஆறு ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆறு முப்பத்தாறானதும் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பாதிப் படியில் ஒரு திருப்பம். அங்கேயும் ஒரு போர்டு. அவள் அந்தத் திருப்பத்தில் கால் வைத்தபோது '1' போய் '9' வந்தது.

அவளுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. இந்த மேடையில் நிற்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. ஒன்று என்பது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒன்றாகவே நிற்கும். அது மாறிப் பெரிய எண் வந்தால், வண்டி உள்ளே நுழைந்துவிட்டது, போர்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டது என்று பொருள். கீழே கூட்டம் சட்டென்று பைகளைத் தூக்கியது. "வந்துருச்சு, வந்துருச்சு! இறங்கிடும்மா!" என்று லிஃப்ட்காரர் படியைப் பார்த்துக் கத்தினார்.

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவந்தாள். தையல்கார அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள். எல்லோரும் மஞ்சள் கோட்டுக்கு வந்து நின்றார்கள்.

காற்று வரவில்லை. சத்தமும் இல்லை. ஒன்பது எட்டாயிற்று.

"அடுத்த வண்டிக்கு எட்டு நிமிஷம்," என்றாள் தையல்கார அக்கா.

"அப்போ நம்ம வண்டி?" என்றார் லிஃப்ட்காரர்.

ஏழு, ஆறு, ஐந்து என்று எண் இறங்கியது. அவள் திரும்பிப் படியைப் பார்த்தாள். புதிதாக வந்தவர்கள் படி நிறைய இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே ரோட்டில் பஸ் ஒன்று கியர் மாற்றிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

வண்டி ஆறு நாற்பத்தாறுக்கு வந்தது.

*

அங்கிருந்து ஏழு ஸ்டேஷன் தள்ளி, கடைசி ஸ்டேஷனை ஒட்டிய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது போர்டு அறை. ஜன்னல் இல்லாத அறை. நான்கு மேஜை, நான்கு திரை. ஒவ்வொரு மேஜைக்கும் ஆறு ஸ்டேஷன். அவள் கணவன் மேஜையின் ஆறில் இரண்டாவது அவர்கள் வீட்டு ஸ்டேஷன்.

ஆறு இருபத்தொன்பதுக்குத் திரையில் சிவப்புக் கோடாக வந்துகொண்டிருந்த வண்டி, இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் கன்ட்ரோலரின் குரல் வந்தது. "முன்னாடி வண்டியில கதவு மாட்டிக்கிச்சு. பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஆகும்." கம்ப்யூட்டர் தானாகக் கணக்குப் போட்டு எண்ணை உயர்த்தப் பார்த்தது. வழக்கம்போல் அவன் விரல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பட்டனுக்குப் போயிற்று. அறையில் அதற்குப் 'பிடி' என்று பெயர். அழுத்திவிட்டால், சரியான நேரத்துக்கு எண் ஒன்றுக்கு இறங்கி அங்கேயே நிற்கும்.

போர்டை நடத்தும் கம்பெனிக்கும் ரயில்வேக்கும் இடையே ஒப்பந்தம் அப்படி. போர்டில் எண் ஏறினால் அது பிழை. பிழைகள் மாதா மாதம் எண்ணப்படும். நின்றால் பிழையில்லை. சுவரில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்: 'எண் ஏறக் கூடாது.' அதற்குக் கீழே யாரோ பேனாவால் 'நிக்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். அதுமட்டுமல்ல. போர்டு '1' காட்டிய நேரத்திலிருந்து ஒரு நிமிடம் கழித்து வண்டி வந்ததாகத்தான் கணக்கில் விழும். வண்டி கால் மணி நேரம் கழித்து வந்தாலும் கணக்கில் ஒரு நிமிடத் தாமதம்தான்.

ஆறு முப்பத்தொன்று. அவள் இப்போது மூன்றாவது தூணில் சாய்ந்திருப்பாள். போன் கீழே லாக்கரில் இருந்தது. அறைக்குள் கொண்டுவரக் கூடாது. பதின்மூன்று நாள் என்பது அவனுக்கும் தெரியும். அவள் சொன்னது ஒரே தடவைதான். சாப்பாடு போடும்போது, வேறு யாருக்கோ நடப்பதைப் போலச் சொன்னாள். அதற்குப் பிறகு தினமும் அவனும் ஒன்று கழித்துக்கொண்டிருந்தான்.

ஆறு முப்பத்தாறுக்கு அவன் 'பிடி'யை விடுவித்தான். அந்த ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும். எண் ஒன்பதுக்கு ஏறியது.

பக்கத்து மேஜைக்காரன் திரும்பினான். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோரும் அவனைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். "யோவ், ஏறிடுச்சு பாரு."

"தெரியும்."

"தெரிஞ்சா புடிய்யா!"

"இருக்கட்டும்."

"என்ன இருக்கட்டும்? காலங்காத்தால தூக்கக் கலக்கமா?"

அவன் கையைப் பட்டனிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஒன்பது எட்டாகி, எட்டு ஏழு ஆவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வருடத்தில் முதல் தடவையாக, லேட்டான வண்டிக்குத் தன் போர்டில் உண்மையான எண் இறங்குவதைப் பார்க்கிறான். அவள் பார்த்திருப்பாள், படியேறியிருப்பாள், ஆறு நாற்பது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

ஏழு மணிக்கு ஷிப்ட் பொறுப்பாளர் வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனைவிடப் பத்து வயது சின்னவன். கடுமையாகப் பேச வராது.

"அண்ணே, என்னண்ணே இது?"

"என்ன?"

"ஒன்பது."

"வண்டி ஒன்பது நிமிஷம் தள்ளித்தான் இருந்துச்சு தம்பி."

"அது எனக்குத் தெரியாதாண்ணே?" அவன் ஒரு தாளை மேஜையில் வைத்தான். "கை தவறிப் பட்டுடுச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. அந்த ஒன்பத எடுத்துடறேன்."

"எழுதலேன்னா?"

"எழுதலேன்னா வேற எழுதணும்ணே. அத நான் எழுதணும். எனக்கும் புள்ள குட்டி இருக்கு."

அவன் எழுதிக் கொடுத்தான். ஐந்து நிமிடத்தில் திரையில் அந்த வரி சுத்தமாயிற்று. வர வேண்டிய நேரம் 6.31. வந்த நேரம் 6.32.

*

கட்டைவிரல் பெட்டி அவளுக்கு 7.09 என்று சிவப்பில் காட்டியது.

பத்து மணிக்கு டீ வந்தபோது, மேற்பார்வைக்காரி டம்ளரோடு அவள் மேஜைக்கு வந்து, அடுக்கி வைத்த விரிப்புகளின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே பேசினாள். "நாளைக்கு மூணு மணிக்கு லேட்டுப் பட்டியல் மேல போகுது. அதுவரைக்கும் என் டிராயர்ல இருக்கும். சீட்டு வந்துச்சுன்னா சேத்துக் குத்திடறேன். வரலேன்னா எங்கிட்ட வந்து நிக்காத. எனக்கு உன் மூஞ்சியப் பாக்க முடியாது."

"சரிம்மா."

"சரிம்மா சரிம்மான்னு. எல்லாத்துக்கும் ஒரு சரிம்மா. போய்க் கேளுடி! வாய எதுக்கு வெச்சிருக்க?"

அவள் விரிப்பின் இரண்டு நுனியைப் பிடித்து உதறினாள். எதிரே நின்றவள் மற்ற இரண்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மணி வரை நானூற்று இருபது விரிப்புகள் மடித்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது நாலரை. கணவன் மகளைக் குளிப்பாட்டித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். குழந்தை துண்டுக்குள்ளிருந்து "அம்மா, அப்பா காதுல சோப்பு போட்டுட்டாரு" என்று புகார் சொன்னது. அவன் முகம் என்றைக்குமில்லாமல் தெளிவாக இருந்தது. அடுப்பில் அவளுக்கு டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன, உக்கார எடம் கிடைச்சுதா?" என்று கேட்டான்.

"எங்க?"

"பஸ்லதான்."

"எந்த பஸ்?"

துவட்டுகிற கை நின்றது. "ஆறு நாப்பது பஸ். நீ போகலையா?"

"போகத்தான் கிளம்பினேன். பாதிப் படி ஏறிட்டேன். ஒன்பதுன்னு மாறுச்சு. வண்டி வந்துருச்சுன்னு திரும்பி ஓடினேன், கால் பிசகாதது ஒன்னுதான் பாக்கி."

"ஒன்பதுன்னா ஒன்பது நிமிஷம்ல?"

"உங்க ரூமுல அப்படி இருக்கும். எங்களுக்கு ஒன்னு போயி பெரிசா வந்தா, எங்க வண்டி உள்ள வந்தாச்சு, காட்டறது அடுத்த வண்டிக்குன்னு அர்த்தம். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே. உங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியாது. ஆபீஸ் வேனில் போய், பகல் ஒன்றரைக்குக் காலி வண்டியில் திரும்புகிறவன். தன் போர்டுக்குக் கீழே கூட்டத்தோடு நின்று அவன் ஒரு நாளும் வண்டிக்குக் காத்ததில்லை.

"அத நான்தான் போட்டேன்," என்றான்.

"எத?"

"அந்த ஒன்பத. நீ பாத்துட்டு பஸ்ஸுக்குப் போயிடுவேன்னு."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பையைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். என்னவென்று தெரியாமலே குழந்தையும் கூடச் சிரித்தது.

"ஏழு வருஷமா ஒன்னு ஒன்னுன்னு சொல்லிட்டு, இன்னைக்குன்னு பாத்து நெஜத்த சொன்னா எப்படிங்க? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லி வெக்க மாட்டீங்களா?"

"கதவு மாட்டிக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அதுவும் சரிதான்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஏறின படியிலயே இறங்கினேன் பாருங்க. என்னைச் சொல்லணும்."

டீ பொங்கியது. அவன் எழுந்துபோய் அடுப்பை அணைத்தான். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான். "எவ்வளவு லேட்டு?"

"ஒன்பது நிமிஷம்."

டம்ளரில் டீயை ஊற்றினான். ஆற்றினான். தேவைக்கு மேலேயே ஆற்றினான். "சீட்டு... கணக்குல ஒரு நிமிஷம்னுதான் இருக்கு."

"நான் கேக்கலையே."

"கை பட்டுடுச்சுன்னு எழுதி வாங்கிட்டாங்க. இப்போ சீட்டு கவுன்ட்டர்ல உக்காந்துக்கிட்டு நானே அதுக்கு மாறா எழுதினா—"

"நான்தான் கேக்கலையேங்க."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். உண்மையிலேயே அவள் கேட்டதில்லை. முதல் தடவை லேட்டானபோது, அவராகவே எழுதித் தருவார் என்று இரண்டு நாள் இருந்து பார்த்தாள். இரண்டாவது தடவை, பாத்திரம் கழுவும்போது வாய் வரைக்கும் வந்தது. அன்றைக்குத்தான் அவன், சீட்டு கேட்டு வந்து கவுன்ட்டரில் அழுத ஒருத்தியைப் பற்றிச் சொல்லி, சாப்பிடாமல் எழுந்துபோனான். மூன்றாவது தடவை லேட்டாகி வந்தவள் உப்பு டப்பாவைத் தேடுகிறவள் போல அலமாரிக்குள் கொஞ்ச நேரம் தலையை விட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் மகளுக்குச் சட்டை மாட்டினான். பட்டன் ஒன்று மாறிப்போயிற்று. குழந்தைதான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னது.

*

மறுநாள் வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. லிஃப்ட்காரர் அதைச் சந்தேகமாகப் பார்த்தபடியே ஏறினார்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு நேரம். முக்கால் மணி உண்டு. அவள் டப்பாவைத் திறக்கவில்லை. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். வெயிலில் பத்து நிமிடம் நடந்தால் கடைசி ஸ்டேஷன். அதை ஒட்டிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தாமதச் சீட்டு கவுன்ட்டர். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரைதான் திறந்திருக்கும். அதற்கென்று தனி ஆள் கிடையாது. காலை ஷிப்டில் ஒருவர் இறங்கிவந்து உட்கார வேண்டும். மூன்று வருடமாக அது அவள் கணவன்தான். அவள் அங்கே வருவது இதுதான் முதல் தடவை.

வரிசையில் பதினொரு பேர். பெரும்பாலும் தெரிந்த முகங்கள். நேற்று அவளோடு மஞ்சள் கோட்டில் நின்றவர்கள். சுவரோரம் இருந்த பலகையில் விண்ணப்பத் தாளும், நூலில் கட்டிய பேனாவும் இருந்தன. எழுதினாள். பெயர். வேலை செய்யும் இடம். வண்டி வர வேண்டிய நேரம்: 6.31. வந்த நேரம்: 6.46.

வரிசை வேகமாக நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது. வீட்டில் கேட்டறியாத குரல். ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரே அளவில் வெட்டி எடுத்தது போல இருந்தது.

"கணக்குல ஒரு நிமிஷம்தாங்க. சீட்டு வராது. அடுத்தவங்க வாங்க."

"கணக்குல ஒரு நிமிஷம்தாம்மா. சீட்டு வராது."

முதல் வாரம் வேலைக்குப் போகிற ஒரு பெண், கூப்பிய கையை இறக்காமலே நகர்ந்தாள். ஸ்கூல் வாட்ச்மேன் ஒருவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவளுக்கு முன்னால் நின்றது லிஃப்ட்காரர்.

"சார், நான் அங்கதான் சார் நின்னேன். ஆறு நாப்பத்தாறு. கடிகாரத்தப் பாத்துட்டேதான் நின்னேன்."

"கணக்குல அப்படி இல்லீங்க. ஒரு நிமிஷம்னு இருக்கு. வேணும்னா நீங்களே பாருங்க." அவன் திரையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினான்.

"கணக்கா சார் அங்க வந்து நின்னுச்சு? நான்ல நின்னேன்."

"அடுத்தவங்க வாங்க."

லிஃப்ட்காரர் திரும்பியபோது அவளைப் பார்த்தார். "நீயுமா? சாப்பாட்ட விட்டுட்டு வந்துட்டியா? குடுக்க மாட்டான்மா. போ, போய் சாப்பிடு." ஆனால் அவரும் போகவில்லை. தூணோரம் நின்று, மடித்த சட்டைக் கையைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு வளைவு. அந்தப் பக்கம் முத்திரைக் கட்டை, மைப்பெட்டி, சீட்டுப் புத்தகம். புத்தகம் மேலுறை கசங்காமல், கடையிலிருந்து வந்தது போல இருந்தது. அவன் குனிந்தபடியே கையை நீட்டித் தாளை வாங்கினான். "கணக்குல ஒரு நிமி—" என்று ஆரம்பித்தவன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

காலையில் நாலு மணிக்கு அவள் மடித்துக் கொடுத்த சட்டையைத்தான் போட்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இத்தனை நேரம் அந்தக் குரலுக்குப் பயந்தவள், முகத்தைப் பார்த்ததும் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கி நின்றாள்.

அவன் வளைவுக்கு அருகே குனிந்தான். "நீ எதுக்கு இங்க வந்த? வீட்ல பேசிக்கலாம்."

"மூணு மணிக்குப் பட்டியல் போயிடும்."

"மேல ஆளுங்க இருக்காங்க. கேமரா இருக்கு. உனக்குப் புரியுதா?"

"புரியுது."

பின்னாலிருந்து யாரோ, "சீக்கிரம் ஆகட்டும்மா, ஒரு மணிக்கு மூடிடுவாங்க" என்றார்கள். வரிசை அவள் முதுகுக்கு நெருங்கி வந்தது. அவன் தாளை அவள் பக்கமாக மெதுவாகத் தள்ளினான். கெஞ்சுகிற மாதிரித் தள்ளினான். அவள் அதன் மேல் விரலை வைத்து நிறுத்தினாள். கொதிக்கிற துணி பிடித்துப் பிடித்து நுனியெல்லாம் சிவந்து வழவழப்பாகிப்போன விரல்கள்.

எல்லோரும் கூப்பிடுவது போலக் கூப்பிட்டுவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். "சார்," என்று ஆரம்பித்தாள். அது நாக்கில் நிற்கவில்லை.

"என்னங்க," என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மட்டுமில்லாமல், தூணோரம் நின்ற லிஃப்ட்காரருக்கும், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்டது. "நேத்து ஆறு முப்பத்தொன்னு வண்டி, ஆறு நாப்பத்தாறுக்குத்தான் வந்துச்சு. நீங்க பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க. வந்த நேரத்த எழுதி, எனக்கு ஒரு சீட்டு குடுங்க."